பின்னால் இரண்டு இன்ச்சு

பினாங்கு ஃபெரியில் என் முன் இருக்கையில் இரண்டு பேர்.

“காடிக்குப் பூசை போட்டப்ப பின் டயர் எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காம உருண்டு போச்சுண்ணே,” என்றான் இளையவன்.

“அத விடு. பின்னால எவ்ளோ அகலம் போட்ட?”

“முன் டயரவிட ரெண்டு இன்ச்சு கூட. ஸ்போர்ட்ஸ் காடிக்கு அதான் அழகுன்னாங்க.”

“காஞ்ச ரோட்டுல நல்லா புடிக்கும். தண்ணி நின்னா மிதக்கும்லா.”

“போன வாரம் மழையில, பினாங்கு கடல் பாலத்துல பின்பக்கம் தானா திரும்பிருச்சு. அதுலேர்ந்து நான் ஃபெரிதான்.”

“காடி வீட்டுலயா?”

“தங்கச்சி ஓட்டுறா, இந்நேரம் பாலத்துலதான் இருப்பா. பயந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவகிட்ட ஒண்ணும் சொல்லல.”

கடல்மேல் மழை இறங்கியது. பாலம் தெரியவில்லை. அவன் கைப்பேசியைக் காதில் வைத்தான்.

“அடிக்குதுண்ணே. எடுக்க மாட்டேங்கிறா.”