இருபதாவது நட்சத்திரம்

கொம்பியூட்டர் விளையாட்டு என்றால் நான் ஒருமுறைதான் காசு கொடுப்பேன். முழு விலை கொடுத்து முழு விளையாட்டையும் வாங்குவேன். வாங்கிய பிறகு வாளுக்குத் தனியாக, சட்டைக்குத் தனியாகக் காசு கேட்கிற கம்பனிகளின் பக்கமே போகமாட்டேன். அவற்றின் பெயர்களை எட்டு வருடமாக ஒரு பட்டியலில் எழுதி வருகிறேன். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எதையும் வாங்குமுன் என்னிடம் அந்தப் பட்டியலைக் கேட்பார்கள். கார்த்திகனாகிய நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு வாக்குமூலத்தில் மற்றதை நீங்கள் எழுதினால் நல்லது, ஐயா.

நாகேந்திரம் மாமா என் மனைவி தனுஷியாவின் அப்பா. எழுபத்தொரு வயது. மாமி காலமான பிறகு எங்களோடு நான்காம் மாடியில் இருந்தார். நிறக் கற்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் விளையாட்டொன்று அவருடைய ஃபோனில் இருந்தது. தோற்றுத் தோற்று உயிர்கள் தீர்ந்துவிட்டால் காசுக்குப் புதிதாக வாங்கலாம். என் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் கம்பனி. மாமா என் வங்கி அட்டையில் வாங்கியிருந்தார். பெரிய தொகை இல்லை. ஆனாலும் என் பெயரில் அவர்களுக்குக் காசு போயிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி," என்றார். "வெக்கமாக் கிடக்கு."

சொல்லமாட்டேன் என்றேன். ஃபோனை வாங்கி என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். ரொறன்ரோவில் இருக்கும் பேத்தி ஆரபியோடு அவர் அதில்தான் கதைப்பார். அதையும் அடியோடு நிறுத்துவது நியாயமில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். கடற்கரை வரை நடந்து வந்தால் ஒரு தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். பத்து சேர்ந்தால் ஆரபியோடு ஒருமுறை கதைக்கலாம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தத் தாள்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

அப்பா நடக்கிறார் என்று தனுஷியாவுக்குச் சந்தோஷம். ஆரபியோடு கதைக்க அவள் தன் ஃபோனை நீட்டினால்கூட, "பிறகு கதைக்கிறன் பிள்ளை," என்று விலகிவிடுவார். காசு விஷயத்தில் நான் வாயைத் திறந்துவிடுவேன் என்ற பயமாகவும் இருக்கலாம்.

ஐந்தே நாளில் பத்து நட்சத்திரம் எடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தால் அது விளையாட்டு இல்லை. அடுத்த வாரம் படி ஏறினால்தான் நட்சத்திரம் என்று மாற்றினேன். லிஃப்ட் வேலை செய்தது. இறங்குவதற்கு மட்டும் அதை அனுமதித்தேன். தனுஷியா வேலைக்குப் போன பிறகு ஏறுவார், அதனால் படி விஷயம் அவளுக்குத் தெரியாது. பிறகு பத்தைப் பதினைந்தாக்கினேன். மிஞ்சுகிற நட்சத்திரங்கள் ஞாயிற்றுக்கிழமை அழிந்துவிடும் என்றும் எழுதினேன். கம்பனிகளும் இப்படிச் செய்வதுண்டு, ஆனால் சொல்லாமல் செய்வார்கள். நான் எழுதி ஒட்டினேன்.

மாசியில் மாமாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். படி ஏறக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டும் அதே லாச்சியில்தான் இருக்கிறது. வாசித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை ஆரபிக்கு ஐந்தாவது பிறந்தநாள். வெள்ளிக்கிழமை பின்னேரமே மாமா பதினைந்தையும் சேர்த்துவிட்டு வந்து நின்றார். அன்று காலையில்தான் நான் அதை இருபதாக மாற்றியிருந்தேன்.

"பதினைஞ்சு எண்டெல்லோ சொன்னனீங்கள் தம்பி?"

"எழுதி ஒட்டியிருக்கு மாமா. வாசிக்கேல்லையே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார். "சரி," என்றார்.

ஏன் கூட்டினேன் என்று கேட்டீர்கள். கல்யாணம் முடிந்து ஆறு வருடத்தில் மாமா என்னை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை தனுஷியா பாமன்கடையில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு விழாவுக்குப் போயிருந்தாள். ஆரபி ஆறு மணிக்குக் கோல் எடுப்பாள், அங்கே காலை எட்டரை. மாமா மூன்று மணிக்குத் தொடங்கினார். நான்காவது தடவை ஏறி வந்தபோது சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. உதடு வெளிறியிருந்தது.

"பத்தொன்பது. இன்னும் ஒண்டுதான் தம்பி."

நட்சத்திரத்தை ஒட்டினேன். அவர் திரும்பவும் இறங்கினார். லாச்சிப் பூட்டின் திறப்பு என் பொக்கற்றில் இருந்தது. போதும் என்று நான் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு லாச்சிக்குள் ஃபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மாமாவிடம் பத்தொன்பதுதானே இருந்தது. அது அடித்து ஓய்ந்து சற்று நேரத்தில், மூன்றாம் மாடி யோசெப்பின் அன்ரி படியில் நின்று, மாமாவுக்கு மூச்சில்லை என்று கத்தும் சத்தம் கேட்டது.

ஏறினால் செத்துப்போகக்கூடும் என்று தெரிந்துதான் அவரை ஏறவைத்தேன். அதை அப்படியே எழுதுங்கள், ஐயா. ஆனால் இதையும் மறக்காமல் சேர்த்து எழுத வேண்டும்: அந்தக் கம்பனியைப் போல நான் அவரிடம் ஒரு சதம்கூட வாங்கவில்லை.