வெட்டாமல் விட்டது

தடால்!

கதிர்வீச்சு அறைக்குள்ளிருந்து வந்தது சத்தம். வெளியே கேமரா திரை முன்னால் உட்கார்ந்திருந்த என் சகலை, கையிலிருந்த டீயை மடியில் கொட்டிக்கொண்டார்.

நெருங்கி உட்காருங்கள்... ஏய், அந்த விளக்கை அணைக்காதே. சகலை இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அந்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குவது அவர் வேலை. தரைக்கு அடியில் அறை. இரும்புப் பாளமாய் ஒரு கதவு. நோயாளியின் வயிற்றில் அடையாளத்துக்காகக் குத்தியிருக்கும் பச்சைப் புள்ளிகளில் ஒளிக்கோட்டைப் பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே நோயாளி மட்டும். பார்க்க கேமரா. பேச மைக்.

அன்று சாயங்காலம் கடைசி ஆள், ஒரு டயர் கடைக்காரர். லாரிச் சக்கரத்தை ஒண்டியாகக் கழற்றுகிற கை. அடிவயிற்றின் ஆழத்தில் புற்றுக்கட்டி. முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பெரிய ரத்தக்குழாயைக் கவ்விக்கொண்டிருந்த துண்டை மட்டும் தொடவில்லை. தொட்டால் மேஜையிலேயே ஆள் காலி. அதைக் கருக்கத்தான் இந்தக் கதிர். இன்றோடு முடிகிறது.

திரையில் டயர்க்காரரின் வயிறு எழும்பியது... உள்ளிருந்து, ஒரு முஷ்டி அளவுக்கு. அவர் அதே இடத்தில் ஓங்கிக் குத்தினார். தடால்!

சகலை கதிரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கடியில் பச்சை ரத்த வாடை. டயர்க்காரரின் கீழ் உதடு கிழிந்து தொங்கியது.

“யாருங்க அடிச்சது?”

டயர்க்காரர் சகலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “உள்ள இருக்கறவன்தாண்ணே. கூட்டாளிங்களையெல்லாம் வெட்டிட்டு இவனை மட்டும் விட்டா, சும்மா இருப்பானா? நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன். நீங்க சுடுங்க.”

“டாக்டரைக் கூப்பிடறேன்.”

“எனக்குப் பைத்தியம்னு எழுதி அனுப்பிடுவாரு. வெளிய என் பொண்டாட்டி உக்காந்திருக்கா. நான் அவகிட்டப் போகணும்ணே... கதவை மூடுங்க.”

சகலை வெளியே வந்து கதவை மூடினார். பொத்தானை அழுத்தினார். ஞொய்ங்...

டயர்க்காரரின் இரண்டு கைகளும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. சகலை திரையில் நன்றாகப் பார்த்தார், இரண்டும். அப்படியானால் டயர்க்காரரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது எந்தக் கை?

கால்கள் உதைத்தன. பச்சைப் புள்ளிகள் இருந்த தோல் கிழிந்தது. மூங்கில் முறிவது போல ஒரு சத்தம்... இன்னொன்று... கேமராவில் சிவப்பாக ஏதோ தெறித்து, திரை மூடிக்கொண்டது. சகலை நிறுத்தும் பொத்தானில் அறைந்தார். நிற்கவில்லை. தன் நேரம் முடிந்த பிறகுதான் இயந்திரம் ஓய்ந்தது.

கதவு திறந்தது.

டயர்க்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சகலையைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க இது, மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க! ரொம்ப நன்றிண்ணே.” அழுதுகொண்டே சிரித்தாள். இருவரும் லிஃப்டில் ஏறிப் போனார்கள்.

சகலை நாற்காலியில் சரிந்தார். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அப்போது மைக் கரகரத்தது. அறைக்குள்ளே யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்...

“அண்ணே... என் பொண்டாட்டிய அவன்கூடவா அனுப்பிட்டீங்க?”