டோரீனின் வயிற்றில் வண்டி இல்லை

பாக்கெட்டில் எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. சாவி, சில்லறை, சீப்பு, எதுவும் கிடையாது. நடக்கும்போது தொடையில் ஏதாவது இடித்துக்கொண்டே வந்தால் எரிச்சலாக இருக்கும். இதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். நடந்ததெல்லாம் இந்தச் சுபாவத்திலிருந்து வந்ததுதான், நரெல்.

நீங்கள் இந்தச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. லாரி கவிழ்ந்தாலும், ஏணியில் எவனாவது வழுக்கினாலும், இதே சாப்பாட்டு அறையில் ஆளை உட்கார வைத்து இதே குரலில்தான் கேட்பீர்கள். ஒரு கணினி விளையாட்டுக்கு இத்தனை விசாரணை அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முகாமில் பாதிப்பேர் என்னோடு பேச்சை விட்டுவிட்டார்கள். சமையல்காரி கோரல் என் தட்டில் மட்டும் கிரேவி ஊற்றுவதில்லை. காய்ந்த இறைச்சியைத் தின்று தின்று தொண்டை அடைக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

இரும்புக்கல் அள்ளும் லாரியை இருபது வருடமாக ஓட்டுகிறேன். மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். லாரித் தொட்டியின் அடியில் சிவப்புச் சேறு ஒட்டிக்கொள்ளும். மேலே கொட்டினாலும் விழாது. அதே சேற்றைக் கீழே கொண்டுவந்து, மறுபடி மேலே கொண்டுபோய், பொழுதெல்லாம் ஊர்வலம் விட்டுக்கொண்டிருப்போம். டீசல் எரியும், டயர் தேயும், ஒரு பைசா பயன் இருக்காது. பயனில்லாத பாரத்தைப் போல அசிங்கம் உலகத்தில் வேறில்லை. என் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

டோரீன் அந்த விளையாட்டில் எங்கள் விண்கப்பல். துணி துவைக்கும் அறையில், கிடந்து குதித்தாலும் நிற்காமல் ஓடுகிற பழைய இயந்திரத்துக்கு என் கூட்டாளி ஹேமி வைத்த பெயர் அது. கப்பலுக்கும் அதையே வைத்தான். நான் பகல் ஷிப்ட், அவன் இரவு ஷிப்ட். லாரியும் ஒன்று, கப்பலும் ஒன்று. நான் இறங்கிய சூடு ஆறுவதற்குள் அவன் அதே இருக்கையில் ஏறுவான். பொழுதுபோக்கு அறையில் கணினி முன்னாலும் அதே முறைதான். நான் எழுந்தால் அவன் உட்காருவான்.

"ஏதாவது இருக்கா, ப்ரோ?" என்று கேட்பான்.

"எல்லாம் சரி" என்பேன்.

இறங்குகிறவன் சரி என்றால் ஏறுகிறவன் நம்பவேண்டும். பிரேக் பிடிக்காத லாரியைச் சரி என்று சொல்லி ஒப்படைத்தவனை இந்த முகாமில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. நானும் மதித்ததில்லை. அப்படிப்பட்ட ஒருத்தனோடு ஒரே மேசையில் நான் சாப்பிட மறுத்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

விண்மீன் மண்டலத்தின் கடைசி ஓரத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம். அங்கே ஒரு சின்ன நிலா இருக்கிறது. யாரும் மிதித்ததில்லை. முதலில் மிதிக்கிறவன் பெயர் அதன் மேல் நிற்கும். அப்போது வந்ததுதான் ரோவர் வண்டிப் பிரச்சினை. கப்பலின் வயிற்றில் வைத்து எடுத்துப்போய், நிலத்தில் இறக்கி ஓட்டுகிற ஆறு சக்கர வண்டி. ஏற்றினால் கப்பல் கனக்கும். கனத்தால் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற தூரம் குறையும்.

நான் நியாயமாகத்தான் பேசினேன். "ஜன்னல்லயே எல்லாம் தெரியுது. எதுக்குடா அத்தனை தூரம் அதைச் சுமக்கணும்?"

"அத்தனை தூரம் போயிட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கவா?" என்றான் ஹேமி. "கடற்கரைக்குப் போயி கார்லயே உக்காந்திருப்பியே, நீ அந்த ஜாதி."

"வெறும் பாறைடா அது."

"பாறையை ஏத்தி ஓட்டித்தானே ரெண்டு பேரும் சோறு திங்கிறோம்."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும் நின்றது. வண்டி போகவேண்டும் என்று முடிவானது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. அதற்கு முந்தின வாரம் பயிற்சி நிலாவில் அந்த ரோவரை நான் ஓட்டிப்பார்த்தேன். சமதளத்தில் கவிழ்ந்தது. திருப்பி வைத்தேன், கவிழ்ந்தது. பெரிய திரையில் முகாமே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடம் லாரி ஓட்டியவன் ஒரு பொம்மை வண்டியை ஆமை மாதிரி மல்லாக்கப் போட்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் என் தலைக்கவசத்தில் ஆமை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஹேமி ஓட்டியபோது அதே வண்டி பாறைமேல் ஏறி ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கியது. இதற்கும் நான் செய்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குப் பாரம்தான் முக்கியம்.

வழியில் இருந்த கடைசி விண்வெளித் துறைமுகத்தில் என் முறை வந்தபோது வண்டியை விற்றேன்.

சுலபமாக இருந்தது. ஒரு பொத்தான். வண்டி நிற்கிற அறையையும் கழற்றி விற்றேன், காலி அறை இருந்தால் திரும்பவும் வாங்கச் சபலம் வரும். பிறகு எழுந்து இடம் கொடுத்தேன்.

"ஏதாவது இருக்கா, ப்ரோ?"

"எல்லாம் சரி."

பல மாதம் பறந்தோம். ஒவ்வொரு நாளும் அவன் கேட்பான், நான் சொல்வேன். வண்டி அறையை அவன் ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை. "கடைசி நிலால இறங்குறப்பதான் அதைத் தொடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் பொட்டலத்தை முன்னாடியே பிரிக்கிற ஆள் அவன் இல்லை. அவனை இன்னும் பொறுமையான மனிதனாக்கியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையில் அவன் முதுகு போய்விட்டது. லாரி குலுக்கலில் முதுகெலும்புத் தட்டுகள் தேய்ந்துவிட்டன, இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியூசிலாந்துக்கே திரும்பிப் போகிறான். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவில் இறங்குவது என்று ஏற்பாடு. "லாரியத்தான் ஓட்ட முடியாது. இதையாவது ஒரு தடவை ஓட்டிட்டுப் போறேன்" என்றான். அப்போதே நான் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். ஆசையாகப் பேசுகிறவனை நடுவில் வெட்டுவது மரியாதையா?

அந்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். குளித்து, நல்ல சட்டை போட்டு வந்தார்கள். கோரல் ரோவர் வடிவத்தில் கேக் செய்து, கறுப்பு மிட்டாயில் ஆறு சக்கரம் வைத்திருந்தாள். ஹேமி டோரீனைப் பூப்போல இறக்கினான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் வண்டி அறையைத் திறக்கிற பொத்தானைத் தேடினான். மறுபடி தேடினான்.

"மெர்வ், வண்டி எங்கடா?"

"எந்த வண்டி?" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

ஹேமி கத்தவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகைப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

"சரி விடு. நடந்தே இறங்கிக்கிறேன். விண்வெளி உடுப்பை எடு."

"ஹேமி" என்றேன்.

"என்ன?"

"உடுப்பும் கனம்டா."

"அதையுமா?"

"பூட்ஸ் தனியா, உடுப்பு தனியாத்தான் வித்தேன். ஒண்ணா வித்தா விலை கம்மி."

அந்தத் தகவலுக்குத் தேவை இருந்திருக்காது என்று இப்போது புரிகிறது. கோரல் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் ஒரு சக்கரத்தை நான் பிய்த்து வாயில் போட்டிருந்தேன். நன்றாக இருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வண்டியும் அறையும் உடுப்பும் போனபின் கப்பல் லேசாகியிருக்க வேண்டுமே, நீளமாகத் தாவியிருக்க வேண்டுமே, ஹேமி எப்படிக் கவனிக்காமல் போனான் என்று கேட்டீர்கள். கெட்டிக்காரக் கேள்வி. எனக்கும் அதே கவலை இருந்தது. அவன் எடையைத் தினமும் பார்க்கிறவன், குறைந்தால் பிடித்துவிடுவான். அதனால் காலியான இடத்தில் பியர் ஏற்றினேன்.

விளையாட்டில் விற்கிற பியர்தான். குடிக்க முடியாது. அந்த ஓரத்தில் துறைமுகம் இல்லை, விற்கவும் முடியாது. ஆனால் போன எடைக்கு அணு பிசகாமல் ஏற்றினேன். டோரீன் முன்னால் எவ்வளவு தாவினாளோ, அதே அளவுதான் கடைசிவரை தாவினாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"அப்ப என்னத்தைத்தான் மிச்சம் பிடிச்ச, மெர்வ்?" என்று நீங்கள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். பயனில்லாத பாரம் ஒன்று குறைந்தது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆக, விற்றது நான்தான். மாதக்கணக்கில் எல்லாம் சரி என்று சொன்னதும் நான்தான். கையெழுத்து வேண்டுமென்றால் போடுகிறேன். தண்டனையாக டோரீனைத் தனியாகத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போய், வண்டி வாங்கி ஏற்றி, திரும்ப அதே நிலாவுக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள். ஹேமி ஊரிலிருந்தே இணையத்தில் வந்து கப்பலில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நிலாவில் ஓட்டுவான் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், கொண்டுவருகிறேன். அவன் என் பழைய நண்பன்.

ஆனால் பியரையும் வண்டியையும் சேர்த்து ஏற்றினால் கனம் தாங்காது, அதை நீங்கள் யோசிக்கவில்லை. பியரை இறக்க எனக்கு மனமில்லை, இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறது. ஹேமியோ நாளைக்கு விமானம் ஏறுகிறான். அந்தப் பக்கத்து இருக்கையைக் கழற்றினால் எவ்வளவு கனம் குறையும் என்று மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.