சமையலறைப் பிரிவில் என் மனைவியின் தற்காலிகக் கணவர்

ஆய்வாளர் அவர்கள் கேட்க, எழுத்தர் எழுத, யாருடைய மிரட்டலுக்கும் ஆளாகாமல், ஒரு டம்ளர் தேநீரின் தூண்டுதலால் மட்டும் நான் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால்:

தெருவில் என்னை ரீல் மாமா என்பார்கள். சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் என் வீட்டு வாசலில் நின்றாலும் வீடு கிடைக்காது. வயது ஐம்பத்தாறு. மனதின் வயது வேறு என்று நான் சொன்னதை எழுத்தர் எழுத மறுத்தார். தொழில் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் மேலே போன பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் என் கைப்பட்ட கயிற்றில்தான் போனார்கள். குடியிருப்பது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்.

என் மனைவி இரண்டு வருடமாக ஒரு கம்பெனிக்கு ரகசிய வாடிக்கையாளராகப் போய் வருகிறாள். அதாவது, வீட்டுக்கு வேண்டிய குழாய், பெயின்ட், கதவு, அலமாரி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் பெரிய கடைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளரைப் போலப் போய், ஊழியர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, பொருள் இருக்கும் இடத்துக்குக் கூடவே வந்து காட்டுகிறாரா, நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டி 'அந்தப் பக்கம்' என்கிறாரா என்று பார்த்து வந்து அறிக்கை அனுப்புவது. இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி. கடையை விட்டு வெளியே வந்து அறிக்கையை அனுப்பும் வரை, தலையே போனாலும் தான் யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது. பெற்ற தாயே எதிரில் வந்தாலும் யாரோ போலக் கடந்து போக வேண்டும். குட்டு உடைந்தால் அன்றைய வேலையோடு ஆளையும் கழித்துவிடுவார்கள்.

அதன் பிறகு சென்ற மாதம் கம்பெனியில் ஒரு பெரிய வேலை வந்தது. சமையலறைப் பிரிவைச் சோதிக்க வேண்டும், அதற்குத் தம்பதியாகப் போக வேண்டும். இது நன்றாக முடிந்தால் என் மனைவியை மேற்பார்வையாளராக நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வாழ்க்கையில் அவளுக்கென்று யாரோ இழுத்துப் போட்ட முதல் நாற்காலி அது. தம்பதி என்றதும் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் என்னிடம், "உங்க மனைவிக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார். "நான் எதைச் சொல்றேனோ அது" என்று தொடங்கி, பெயின்ட் கண்டுபிடிக்கப்பட்ட காலம் முதல் நடப்பு வரை விளக்கினேன். இடையில் அவர் எழுந்து போய் மதியச் சாப்பாட்டை முடித்து வந்ததாகத் தெரிகிறது. மறுநாள் கம்பெனியிலிருந்து எழுத்துமூலம் பதில் வந்தது. 'கணவர் வேடத்துக்குப் பொருத்தமில்லை. இயல்பாக இல்லை.' இருபத்தொன்பது வருடமாக நான் இடைவேளை இல்லாமல் நடித்து வரும் வேடம் அது என்பதை ஆய்வாளர் அவர்கள் கவனிக்க வேண்டும்.

எனக்குப் பதிலாக ஒரு நீச்சல் பயிற்சியாளரைப் போட்டார்கள். இவர் இனி மேற்படி டூப்ளிகேட் என்று குறிப்பிடப்படுவார். மேற்படி டூப்ளிகேட்டின் உயரம் எங்கள் வீட்டு நிலைப்படியை விட அதிகம். தோள் இரட்டைக் கதவு. தலைமுடி மூன்று பேருக்குப் பங்கு போட்டாலும் மிச்சமிருக்கும்.

சம்பவ நாளன்று காலையில் என் மனைவி விசேஷங்களுக்கு மட்டும் போடும் முத்துத் தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நான், "இவ்ளோ அலங்காரம் எதுக்கு? குழாய் வாங்கப் போறியா, குழாயைக் கட்டிக்கப் போறியா?" என்றேன். அதற்கு அவள், "சமையலறை வாங்கப் போறேன். வயிறு எரிஞ்சா சிங்க்ல பாத்திரம் கிடக்கு, தேய்ச்சு வைங்க, குளுகுளுன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தேன். ஆறவில்லை. அதன் பிறகு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பேருந்தில் ஏறிக் கடைக்குப் போனேன்.

அந்தக் கடையின் கூரைக்குக் கீழே இரண்டு மழைமேகங்கள் தாராளமாகத் தங்கலாம். கதவுப் பிரிவில் மட்டும் வழிதவறி நாற்பது கதவுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றுக்கும் பின்னால் அறை இல்லை. அதன் பிறகு சமையலறைப் பிரிவை அடைந்தேன். அங்கே நிஜ வீடு போலவே அடுப்பு, மேடை, சிங்க், அலமாரி எல்லாம் வைத்து, பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் கூடக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். என் மனைவியும் மேற்படி டூப்ளிகேட்டும் பேசிக்கொண்டே வருவது தெரிந்ததால், நான் பக்கத்திலிருந்த ஆள் உயர அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கதவில் காற்றுக்காகச் சாய்வாகச் சட்டம் அடித்திருந்தார்கள். அதன் வழியாக என் குடும்ப வாழ்க்கையைப் பட்டை பட்டையாகப் பார்த்தேன்.

விற்பனைப் பெண், "வாங்க மேடம், வாங்க சார். வீட்ல யாரு சமைப்பீங்க?" என்று கேட்டார். மேற்படி டூப்ளிகேட் சிறிதும் கூச்சமில்லாமல், "ரெண்டு பேருந்தாங்க. இவ ரொம்ப நேரம் நின்னா எனக்குல்ல முதுகு வலிக்குது" என்றார். விற்பனைப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் மனைவி சிரித்தாள். மூக்கில் லேசாக ஒரு சத்தம் வரும், அந்தச் சிரிப்பு. எங்கள் வீட்டில் அதைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று அலமாரிக்குள் யோசித்தேன். மின்வெட்டில் நான் பூனையை மிதித்த சமயமாக இருக்கலாம்.

அதன் பிறகு அவள் அவரைப் பார்த்து, "என்னங்க, இந்த மேடை உயரம் சரியா இருக்கா பாருங்க" என்றாள். என்னை அவள் வீட்டில் கூப்பிடுவது, 'காதுல விழுதா இல்லையா' என்றுதான். பிறகு விற்பனைப் பெண்ணிடம், "எங்க வீட்ல மேடை ரொம்பத் தாழ்வு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. சாயங்காலம் ஆனா சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிமிர்றேன்" என்றாள். விற்பனைப் பெண், "சார்கிட்ட சொல்றதுதானே மேடம்?" என்றார். என் மனைவி, "சொல்லலாம். சொன்னா ஒரு மணி நேரம் அவர் பேசுவார்" என்றாள்.

இது வேடத்துக்காகச் சொன்னதல்ல. எங்கள் வீட்டு மேடை தாழ்வுதான். அதைப் போட்டவன் நான். என் உயரத்துக்கும் இல்லாமல் அவள் உயரத்துக்கும் இல்லாமல், மிச்சமிருந்த கல்லின் உயரத்துக்குப் போட்டேன்.

அதன் பிறகு மேற்படி டூப்ளிகேட், "முழங்கைக்கு ஒரு சாண் கீழ இருக்கணும். கையை மடக்கு பாக்கலாம்" என்று சொல்லி, என் மனைவியின் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, இன்னொரு கையால் மேடையிலிருந்து சாண் போட்டார். மெதுவாகப் போட்டார். ஒரு சாண் போட இத்தனை நேரம் ஆகுமென்றால் இந்த உலகத்தில் ஒரு கட்டடமும் எழும்பியிருக்காது. என் உடம்பில் ஓடிய ரத்தம் கொதித்து ஆவியாகிக் காது வழியே போனதில் அலமாரியின் உட்புறம் வியர்த்துவிட்டது.

நான் கதவைத் தள்ளினேன். கதவு கீல்களோடு கையில் வந்தது. அதைக் கேடயம் போல் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, "கையை எடுய்யா! அது யாரு முழங்கைன்னு நினைச்ச?" என்று கத்தினேன். விளக்குப் பிரிவு வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். எலுமிச்சம்பழங்கள் உருண்டன. விற்பனைப் பெண் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தார். காவலாளி வந்து என் கையை முறுக்கினார். கடை மேலாளர் ஓடி வந்து என் மனைவியிடம், "மேடம், பயப்படாதீங்க. இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். தொப்பி விழுந்திருந்தது, கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரியாக ஏற்றிப் போட்டுக்கொண்டு, "தெரியாதுங்க" என்றாள்.

குரல் பிசிறவில்லை. மேற்படி டூப்ளிகேட் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "விடுங்க சார், பாவம். வெயில்ல அலைஞ்சிருப்பார். கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார்கள். தாகமாக இருந்ததால் அதைக் குடித்தேன். இந்த வழக்கில் நான் வெட்கப்படும் செயல் அது ஒன்றுதான்.

அதன் பிறகு என்னை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மேலாளரும் கூடவே வந்து, கடையில் ஒளிந்திருந்து பெண் வாடிக்கையாளரிடம் வம்பு செய்ததாகப் புகார் சொன்னார். ஆய்வாளர் அவர்கள் மேசையைத் தட்டி, "யாருய்யா அந்தம்மா? உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். என் மனைவி என்று சொல்லியிருந்தால் புகார் அப்போதே பாதியாகியிருக்கும். அதே மூச்சில் மேலாளர், அப்படியானால் கூட வந்தவர் யார் என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொன்னால் அவள் நாற்காலி போய்விடும். என் நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை, அப்படியே விழுங்கினேன். "தெரியாதுங்க ஐயா. என் பொண்டாட்டின்னு நினைச்சுட்டேன். ஆள் மாறிப்போச்சு" என்றேன்.

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அவங்க வீட்டுக்காரரைப் பாத்தும் உங்களுக்குத் தோணலையா? எவ்ளோ பொருத்தமான ஜோடி!" என்றார். நான், "ஆமாங்க, நல்ல பொருத்தம்" என்றேன். இந்த ஐந்து விநாடிக்காக எனக்கு மேலுலகத்தில் தனி லிஃப்ட் ஒதுக்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். உடைந்த அலமாரிக்கான பணத்தைக் கட்டுவதாகவும் இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டதால், மேலாளர் சமாதானமாகிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் உண்மை முழுவதையும் சொன்னேன். ஆய்வாளர் அவர்கள் நம்பவில்லை. "இதென்னய்யா, ரீல் மேல ரீலா விடுற? சரி, மனைவி படம் இருந்தா காட்டு" என்றார். என் கைபேசியைத் திறந்தேன். லிஃப்ட் மோட்டார், லிஃப்ட் கயிறு, லிஃப்ட் கதவு, நான், மறுபடி நான். அவள் படம் ஒன்று கிடைத்தது. ஒரு மோட்டாரின் அளவு தெரிய வேண்டும் என்று அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தது. அதில் காலிலிருந்து தோள் வரைதான் விழுந்திருந்தாள், முகம் இல்லை.

இந்த இடத்தில் எழுத்தர் பேனாவை மூடினார். என் கைபேசியிலிருந்தே என் மனைவிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அழைத்துச் செல்ல ஆள் வரும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். மேற்படி டூப்ளிகேட் அவளை வீடு வரை கொண்டுபோய் விடுவாரா, படியேறும்போது முதுகு வலிக்கிறதா என்று கேட்பாரா என்பதை நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு என் மனைவி தனியாக உள்ளே வந்தாள். ஆய்வாளர் அவர்கள் என்னைக் காட்டி, "இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அவள், "இப்போ தெரியும் சார். வாசல்ல நின்னு ரிப்போர்ட் அனுப்பிட்டுத்தான் வர்றேன்" என்றாள்.

நான் அவளைத் தெரியாது என்று சொன்னதை ஆய்வாளர் அவர்கள் சொன்னார். "மேலாளர் எதிர்லயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதுக்கு மேல ஒண்ணும் பேசலையா?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "நிஜமாவா?" என்று எழுத்தரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது நான் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தேன். மேற்படியாரின் முறையைப் பின்பற்றியது அல்ல இது என்று பதிவு செய்ய வேண்டுகிறேன். அடுத்து இதே ஜோடியைக் குளியலறைப் பிரிவுக்கு அனுப்பக் கம்பெனி கேட்டிருப்பதாக அவள் அந்த நேரத்தில்தான் சொன்னாள். அதற்கு என் ஆட்சேபணையை இதில் சேர்க்க வழியில்லை என்று ஆய்வாளர் அவர்கள் சொல்லிவிட்டார். ஆட்சேபணை நிலுவையில் இருக்கிறது.

மேலே சொன்னதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். அளவுகளில் கூடுதல் குறைச்சல் இருந்தால் அது என் நாக்கின் பழக்கம். நடந்தது அத்தனையும் நடந்தபடியே சொன்னேன் என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன். அழைத்துச் செல்பவர் இட வேண்டிய கையொப்பத்தின் கீழ், உறவு என்ற இடத்தில் என் மனைவி எழுதியதைச் சிறிதாக இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு முறை கொட்டை எழுத்தில் எழுத வைத்தேன்.

(ஒப்பம்) ரீல் மாமா

(ஒப்பம்) அழைத்துச் செல்பவர்
உறவு: மனைவி
மனைவி