வெளிச்சத்தை முந்த ஏலாது

சண்டைக்காலம். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காகத் திருகோணமலை இறங்குதுறையில் வரிசையில் நின்றோம். வானம் மூடிக் கிடந்தது. எனக்கு முன்னால் ஒரு பௌதிக வாத்தியாரும் மனைவியும்.

"செல் குண்டு வெடிச்ச சத்தம் கேட்டால் பயப்பிடத் தேவையில்லை," என்றார் வாத்தியார். முன்னால் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதென்ன புதுக்கதை?" என்றார் மனைவி.

"வெளிச்சம்தான் முதல் வரும். சத்தம் ஆறுதலாத்தான் வரும். அது காதில விழுந்தால் நாங்கள் தப்பிட்டம்."

"ஆறுதலாவோ? உங்களைப் போல. காலமை வெளிக்கிடச் சொன்னால் பத்து மணியாகும்."

"பகிடி விடாதையும். வெளிச்சத்தை முந்த உலகத்தில ஒண்டாலும் ஏலாது."

"மாமியின்ர வாயாலயுமோ?"

தன் தாயைப் பற்றிய அந்தக் கதைக்கு வாத்தியார் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடல் பக்கம் பளிச்சென்றது. வரிசை முழுக்க மண்ணில் கிடந்தது. வாத்தியார் மனைவியின் தலையை அமத்தி, அவர்மேல் கவிழ்ந்திருந்தார்.

பிறகுதான் சத்தம் உருண்டு உருண்டு வந்தது. வெறும் இடி. ஆட்கள் சிரித்தபடி எழும்பினார்கள்.

"பயப்பிடத் தேவையில்லை எண்ட ஆள்!" என்றார் மனைவி.

"அது சத்தத்துக்கு. இது வெளிச்சம்."

மனைவி அவருடைய மூக்குக் கண்ணாடியை மண்ணிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

"வெளிச்சத்தை ஒண்டும் முந்தாதெண்டு இனிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்காதேங்கோ."

"ஏன்?"

"நான் மின்னலைக் காணவே இல்லை. அதுக்கு முதலே உங்கட கை என்ர தலையில இருந்தது."