நான்கு புத்தகங்களும் ஒரு நாகப்பனும்

ஒரே சமயத்தில் ஒரே ஒரு புத்தகம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. காலையிலும் மாலையிலும் அதே குழம்பைச் சாப்பிடுவது எப்படி முடியும்? நான் எழுதுவது நான்கு. தாப்பாவிலிருந்து மேலே ஏறி வரும் மலைச்சாலை போட்ட கதை ஒன்று. முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர்களுக்கு ஒரு கையேடு. தோட்டத்து மக்களுக்கு முதலுதவிப் புத்தகம். நான்காவது, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, காதல் நாவல்.

நான் தனி ஆள். அதனால் வீடு முழுக்க அவற்றுக்கே கொடுத்திருந்தேன். சாலை சாப்பாட்டு மேசையில், கோஸ் அடுக்களை ஜன்னலோரம், முதலுதவி கட்டிலில், நாவல் முன்னறையில். கோஸில் புழு விழுந்து நான் திகைத்தால், எழுந்து காதலுக்குப் போய்விடலாம். காதலர்கள் முறைத்துக்கொண்டால் சாலைக்குக் கல் உடைக்கக் கிளம்பலாம். நன்றாக ஓடுகிற நாட்களில் மேசைக்கு மேசை நான் துள்ளிக்கொண்டுதான் போவேன். இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் எழுபத்தொன்பதாம் ஆண்டு மழை தொடங்கியபோது நான்கும் நின்றுபோயிருந்தன. நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் டிரஸர். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் மருந்தும் கட்டும் ஊசியும் என் கையில். என்னிடம் வருகிற சனங்கள் நாக்கை நீட்டுவார்களே தவிர, அதை வைத்துப் பேசமாட்டார்கள். பேசாத மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

அப்போதுதான் நாகப்பன் வந்தான். திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோரி டிரைவர். தோட்டத்துக்குப் பிரியும் முனையில் லோரி சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தகரம் ஆழமாகக் கிழித்திருந்தது. நல்லவேளையாக அன்று செவ்வாய். டாக்டரே தையல் போட்டார். ஒரு வாரம் வார்டில் இருக்கட்டும், ஊசி தவறக்கூடாது, பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல் ஊசி ஏறும்போதே நாகப்பன் பேச ஆரம்பித்திருந்தான்.

"டிரஸரய்யா, என் கால அப்புறம் பார்த்துக்கலாம் லா. ரோட்டுல உருண்ட கோஸ யாராச்சும் பொறுக்குனாங்களா?"

"விழுந்த கோஸ் கெட்டுப்போயிருக்காதா?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"கண்ணால பார்த்தா ஒண்ணும் தெரியாது. தட்டிப் பார்க்கணும். நல்ல கோஸு கதவத் தட்டுன மாதிரி பேசும். அழுகுனது பேசாது, உம்முன்னு இருக்கும்."

அன்று மாலைக்குள் கோஸ் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் மலைச்சாலையைப் பற்றிக் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் அவன் அப்பா அதற்குக் கல் உடைத்தவராம்.

"லோரியில கூட்டிட்டுப் போனா வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொல்லுவாரு ஐயா. எறங்கி செவுத்தத் தடவி, இது நான் வச்ச கல்லுடாம்பாரு. அடுத்த வளைவுலயும் அதே கததான். அப்ப மத்தவனெல்லாம் என்னப்பா செஞ்சான்னு கேட்டா, கஞ்சி குடிச்சானுங்கம்பாரு."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த வேலாயி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாவலுக்கு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு நிச்சயம் செய்திருந்த நீலாவதி தினமும் சாப்பாட்டு அடுக்குச்சட்டியோடு வந்தாள். திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிற பெண். ஆனால் அவளுக்குப் பூ ஆகாது. ஒருநாள் கை நிறையச் செவந்திப்பூவோடு அவன் லோரியில் ஏறியவள், ரிங்லெட் வரும்வரை தும்மிக்கொண்டே வந்தாளாம்.

"ஒவ்வொரு தும்மலுக்கும் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தா. ரிங்லெட் வந்தப்ப நான் கட்டுனா இவளத்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

"பொய்யி. ஜன்னலத் தொறந்துவச்சு, எறங்குறியான்னு கேட்டாரு," என்றாள் நீலாவதி.

தை மாதம் கல்யாணம். என் கதாநாயகியும் தும்ம ஆரம்பித்தாள். நான்கு புத்தகங்களும் ஒரே நேரத்தில் ஓடின, ஐயா. நான் சாப்பாட்டை மறந்தேன். வேட்டியில் மை, காதில் பென்சில், வாயில் பாட்டு. தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கூட வணக்கம் வைத்தேன். என்னம்மா, டிரஸர் குடிக்கிறாரா என்று வேலாயியிடம் தோட்ட ஆபீஸ் கிராணி விசாரித்ததாகக் கேள்வி.

ஒரு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. காயம் இளஞ்சிவப்பாக, அழகாக ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் டாக்டர் வந்தால் அனுப்பிவிடுவார். சாலை பாதி மலைதான் ஏறியிருந்தது. காதலர்கள் இன்னும் கைகூடப் பிடிக்கவில்லை.

ஆகவே வார்டில் இடம் வேண்டும் என்று சொல்லி நாகப்பனை என் வீட்டு முன்னறைக்கு மாற்றினேன். டாக்டரிடம், அவன் நன்றாக நடக்கிறான், வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன். அவர் என்னைப் பாராட்டினார். நாகப்பனோ கண் கலங்கிவிட்டான்.

"சொந்த வீட்டுல வச்சுப் பார்க்குறீங்களே ஐயா. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அது உண்மைதான். அவனுக்கு வெந்நீர் வைத்தேன், கோப்பி கலந்தேன், மெத்தையை நானே தட்டிப்போட்டேன். என்னைக் கொடுமைக்காரன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுமுன் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் செய்தது சின்னக் காரியம். தையலில் சிலவற்றை முன்னதாகவே எடுத்தேன். கட்டை மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். காயம் கொஞ்சம் வாய் திறந்தது. இன்னும் சில நாள் ஆகும்போலிருக்கிறது என்றேன். அவன் நம்பினான். அந்தச் சில நாளில் சாலை ஒரு பெரிய வளைவைத் தாண்டியது.

பிறகு ஊசி. பென்சிலின் போட்டால் ஆறிவிடும். அதனால் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைப் போட்டேன். ஊசி குத்தும்போது வலிக்காமல்தான் குத்தினேன்.

காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவன் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஐயா. வெறும் வேடிக்கைப் பேச்சு போய்விட்டது. கோஸ் பாத்திகளுக்கு நடுவே அவன் அப்பா கல் சுமந்து வந்தார். லோரி முழுக்கச் செவந்தி, அதன் மேல் நீலாவதி மணப்பெண்ணாக உட்கார்ந்து தும்மினாள், தும்மும்போதெல்லாம் மலை ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. நான்கு புத்தகங்களும் ஒரே வாயிலிருந்து கலந்து வந்தன. எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் அறைக்கு அறை ஓடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. முதலுதவிப் புத்தகமும் அந்த நாட்களில்தான் முடிந்தது. புண்ணில் வாடை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தில் ஒரு தவறுகூட இல்லை.

நீலாவதி கதவருகே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"புண்ணு நாறுது, டிரஸரய்யா."

"மருந்து வாடைம்மா."

"எனக்குப் பூ வாசம்தான் ஆகாது. அழுகுனது என்னான்னு தெரியும். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிரலாமா?"

"இப்ப அசைச்சா உயிருக்கே ஆபத்து. என்னை நம்பு."

அவள் அவன் நெற்றியைத் தொட்டாள். அவன் கண்ணைத் திறந்து, "தும்மு, பார்ப்போம்," என்றான். அவளால் முடியவில்லை. அழுதாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் மனம் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே எழுதிவிட வேண்டுமென்று கையும் பரபரத்தது.

மறுநாள் காலை அவள் ஒரு காய்கறி லோரியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். கூட வந்தவன் நாகப்பனின் கூட்டாளி இராமையா, அவனும் டிரைவர்தான். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுக்குச்சட்டியும் கொண்டுவரவில்லை. போர்வையோடு சேர்த்து அவனைத் தூக்கினார்கள். நான் அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க, இது முடியட்டும்," என்றேன்.

நீலாவதி என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் குவிந்திருந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஐயோ இராமையாண்ணே, சீக்கிரம் எடு லோரிய," என்றாள். கத்தவில்லை. அந்தக் குரலைக் கத்தல் என்று சொல்ல முடியாது.

தானா ராத்தா போய்ச் சேருமுன்னே அவன் இறந்துவிட்டான் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருத்தமான செய்தி. இந்த மலையில் அவனைப் போல் பேசுகிறவன் இனி வரப்போவதில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் பொய் சொன்னது நான். தையலை எடுத்தது நான். மருந்துக்குப் பதில் தண்ணீர் போட்டது நான். ஆறிக்கொண்டிருந்த மனிதனைச் சாகும்வரை என் வீட்டில் வைத்திருந்ததும் நான்தான். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேலாயிக்கு எதுவும் தெரியாது, அவளை விட்டுவிடுங்கள்.

ஒரே ஓர் உதவி. நீலாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். என்னோடு பேசமாட்டாள், அது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டால் சொல்லுவாள். லோரியில் போகும்போது, கடைசியில், அவன் என்ன பேசினான் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நாவலுக்கு இன்னும் முடிவு எழுதவில்லை.