அழைப்பு மட்டும் கற்றவன்

— உடுக்கைய கீழ வச்சிட்ட இல்ல? வச்சப்புறமும் உன் பொண்டாட்டி ஏன்டா ஆடிக்கினே கீறா?

— எனக்குத் தெரியல அக்கா.

— தெரியலன்னா? நீதானடா அடிச்ச. உன் பொண்ணு கீர்த்திய என் புள்ள பாபுவுக்குப் பேசி முடிச்சிடலாம்னு, கோயில் பந்துலு கிட்ட நாள் கேட்டுக்கினு, தாம்பூலத் தட்டோட வந்து உக்காந்தேன். நீ என்னமோ, போன்ல பாத்து உடுக்கை கத்துக்கினேன், நல்ல காரியத்துக்கு முன்ன அம்மன ரெண்டு வார்த்தை பாடறேன்னுட்டு எடுத்த. தம்பி ஆசைப்படறானேன்னு நானும் கைய கூப்பிக்கினு இருந்தேன். இப்ப பாரு, முடிய அவுத்துப் போட்டுக்கினு. அந்தக் கண்ண பாருடா. தாட்சாயணி. ஏய் தாட்சாயணி, நான் உன் அண்ணி வந்துகீறேன்டி.

— தாட்சாயணி இல்ல. கங்கம்மா வந்துகீறேன். தண்ணி குடு.

— எத்திராஜு, தண்ணி கேக்குது, ஓடு. மஞ்சள கரைச்சி எடுத்தா. வேப்பல ஒரு கொத்து ஒடிச்சிக்கினு வா.

— வேப்ப மரம் பக்கத்துத் தெருவுல கீது அக்கா. போயிட்டு வர வரைக்கும் நீ இவகூட தனியா இருப்பியா?

— போவாத. என் கைய வுடாத. அந்த மலையேத்தற அடிய அடி, சாமி எறங்கட்டும். நம்ம சத்தியவேட்டுல கங்கம்மா ஜாத்திரை முடிஞ்சதும் பம்பைக்காரரு கடைசியா அடிப்பாரே, அது.

— அது வந்து... அது எனக்கு வராது அக்கா.

— இன்னாது?

— அழைப்பு மட்டும்தான் கத்துக்கினேன். செங்கல்வராயன்னு ஒருத்தரு, வேலூர் பக்கம், ஓசியில வீடியோ போடறாரு. உடுக்கைய எப்படிப் புடிக்கறது, நடுவுல கயித்த அமுக்குனா சத்தம் எப்படி ஏறும், வுட்டா எப்படி எறங்கும், அப்புறம் சாமிய அழைக்கற அடி. அதுக்கு அடுத்த பாடம்தான் மலையேத்தறது. நான் அதத் தொடவே இல்ல.

— அடப்பாவி. அழைக்கத் தெரிஞ்சவனுக்கு அனுப்பத் தெரிய வேணாமா? இத அரைகொறையா கத்துக்கறதுக்கு நீ சும்மாவே இருந்திருக்கலாமேடா. ஷிப்டு முடிஞ்சி வந்தா எல்லாரும் தூங்குவாங்க, உனக்கு மட்டும் எங்க இருந்து வந்துது இந்த ஆசை? போன எடு. அந்த ஆளு அடிக்கறத சத்தமா வையி.

— வச்சிட்டேன். இரு, வெளம்பரம் ஓடுது.

— சாமி எதிர்ல வந்து நிக்குது, எவனோ பல்பொடி விக்கறானா? தள்ளி வுடுடா.

— தள்ள முடியல அக்கா, அதுவா முடிஞ்சாதான் உண்டு. ஆங், வந்துடுச்சி. கேக்குதா?

— எனக்குக் கேக்குது. அவளுக்குக் கேக்கலயே. இன்னும் வேகமா இல்ல ஆடறா? போன்ல அடிச்சா எறங்காது போலக்குது.

— அத நிறுத்து. என் வாசல்ல ஏன்டா தட்டு வந்துது?

— நிறுத்திட்டான் தாயே. நான் பச்சையம்மா, இவன் கூடப் பொறந்தவ. தம்பி பொண்ணக் கேட்டு வந்தேன். அத்தை மவன், முறைதானே? அவ திருப்பதியில இன்னம் படிக்கறான்னு இவங்க இழுத்தாங்க. கட்டிக்கினு படிக்கட்டும்னு நான்தான் அடம் புடிச்சேன். தப்பு தாயே.

— அந்தப் பொண்ணு எனக்கு. எவன் வூட்டுக்கும் போவக் கூடாது. தட்ட எடு.

— கேட்டியாடா? ஆனா ஒன்னு எத்திராஜு. வந்தது சாமிதானா, வேற காத்து கறுப்பான்னு கேக்காம வாக்கு குடுக்கக் கூடாது. கற்பூரம் எங்க வச்சிகீறீங்க? உள்ளங்கையில வாங்கி சத்தியம் பண்ணட்டும்.

— கற்பூரமா? வேணாம் அக்கா. அதெல்லாம் வேணாம்.

— நீ ஏன்டா இப்படி வெலவெலக்கற? சாமின்னா சுடாது. தள்ளு. தாயே, தப்பா நெனச்சிக்காத. நெசமா நீதான்னா இத வாங்கிக்கினு சொல்லு.

— அக்கா, கையி வெந்துடும் அக்கா, வேணாம், தாட்சா, நீ வாங்காத...

— வாங்கிட்டாளே. எத்திராஜு, எரியறத அப்படியே புடிச்சிக்கினு கீறாளே. கண்ணு கூட சிமிட்டல. போதும் தாயே, போதும். நான் நம்பறேன்.

— பொண்ணு எனக்கு.

— உனக்குத்தான். நான் இனிமே கேக்க மாட்டேன். என் புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன், அவன மட்டும் ஒன்னும் பண்ணிடாத. ஒத்தப் புள்ள, நேரங்காலம் இல்லாம பைக்ல சுத்தறவன். எத்திராஜு, நீயும் சொல்லுடா. நான் சொல்லி இன்னா ஆவப் போவுது, பெத்தவன் வாயால சொல்லணும்.

— அது வந்து...

— சொல்லுடான்னா. உன்ன நான் இடுப்புல தூக்கி வளத்திருந்தா சொல்லு.

— பொண்ணு உனக்குத்தான் தாயே.

— அப்பாடி. தலைய தொங்கப் போட்டு உக்காந்துட்டா. நான் கெளம்பறேன், ஆட்டோ வெளியதான் நிக்குது. எனக்கு இங்க இருக்க தைரியம் இல்லடா, கோச்சிக்காத. நீயும் வந்துடேன்.

— நீ போ அக்கா. நான் பாத்துக்கறேன். தட்டு, தட்ட மறந்துடாத.

— வாசக் கதவ சாத்தாதடா. தொறந்தே கெடக்கட்டும்.

— சரி அக்கா. பத்திரமா போ.

— …

— ஆட்டோ திரும்பிடுச்சி தாட்சா. போயிடுச்சி. எழுந்திரு.

— …

— அம்மாடி, நானே ஒரு நிமிசம் நெசம்னு நம்பிட்டேன். நல்லாவே ஆடனடி. நாம பேசி வச்சதுக்கு மேலயே ஆடன. எனக்குத் தெரியும், நீ இன்னா சொல்லப் போறன்னு. பொண்ணு படிக்கட்டும் அக்கா, இப்ப வேணாம்னு நேரா சொல்ல துப்பில்லாம கட்டினவள சாமியாட வச்சவன் நான். அக்கா மூஞ்சப் பாத்தா எனக்கு வாய் எழாது, இன்னா பண்ணச் சொல்ற? திட்டறதா இருந்தா தலைய தூக்கித் திட்டு.

— …

— கைய காட்டு. கற்பூரம் நம்ம கணக்குலயே இல்லையே, அக்கா கேட்டதும் எனக்கு உசுரு போயிடுச்சி. நீ வுட்டெறிஞ்சிட்டு அழுதிருக்கக் கூடாதா? இரு, தேங்காண்ணெய் தடவறேன். விரிடி. இன்னா இது, ஒரு செவப்பு கூட இல்ல? அந்தக் கைய காட்டு. இதுவும் நல்லாத்தான் கீது. எந்தக் கையிலடி வாங்கன?

— …

— வெளையாடாத தாட்சா. நடிக்கத்தானே போறோம், எறக்கற பாடம் எதுக்குன்னு நீதான சொன்ன. இப்ப நீயா எறங்கலன்னா நான் இன்னாத்த அடிக்கறது? இரு, கீர்த்திக்குப் போடறேன். அதுங் குரலக் கேட்டா சிரிச்சிடுவ. ஹலோ, கீர்த்தி? முடிஞ்சிடுச்சிம்மா. அத்தை தட்ட எடுத்துக்கினு போயிடுச்சி, இனிமே கேக்காது. நீ படி. அழுவாத, எதுக்கு அழுவற? அம்மாவா? அம்மா களைச்சிப் போய் உக்காந்துகீறா. இப்பவேவா கெளம்பறேன்ற? திருப்பதியில பஸ்ஸு நிக்குதா? சரி, ஏறிடு. உன்னப் பாத்தாதான் இவ வாயத் தொறப்பா போலக்குது. வந்துடு.

— …

— கேட்டியா, பொண்ணு பஸ் ஏறிடுச்சி. ஏன்டி என்ன இப்படிப் பாக்கற? நல்லவேள, அக்கா தெலுங்குல எதுவும் கேக்கல. கங்கம்மா தெலுங்குலதான் வாக்கு சொல்லும். நீ திருத்தணிக்காரி, இவ்ளோ நாளா இங்க ஆந்திராவுல குடித்தனம் பண்ணியும் பில்லன்னா பொண்ணு, எக்கடன்னா எங்கன்னு கூடத் தெரியாது, தக்காளி கூட விரல காட்டித்தான் வாங்குவ. அங்க மாட்டியிருந்தோம்னா மானம் போயிருக்கும். சிரியேன்டி. எனக்கு பயமா கீது தாட்சா. ஒரே ஒரு வார்த்தை பேசிடு.

— பில்ல எக்கடரா?